கேசிங்குக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கணினிப் பாகங்கள் விற்கும் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் முதலில் கண்ணைப் பறிப்பவை கேசிங்குகள்தாம். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறிச் சுழலும் மூன்று விசிறிகள். அதற்குப் பக்கத்திலேயே, முன்பக்கம் முழுவதும் சல்லடை போன்ற வலையுடன், விளக்கு எதுவுமில்லாத ஒரு கறுப்புப் பெட்டி நிற்கும். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மூன்று வருட தீபாவளி அங்பாவைச் சேர்த்துவைத்து, முதல் முறையாகச் சொந்தக் கணினி கட்டப் போகும் மாணவர் எதைக் கைகாட்டுவார் என்று சொல்லவே தேவையில்லை.

கண்ணாடிப் பெட்டி அழகுதான். ஆனால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி புராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகிறது. அவற்றின் முழு வேகமும் உங்களுக்குக் கிடைக்குமா, பாதி வழியிலேயே மூச்சு வாங்குமா என்பதை அந்தப் பெட்டியின் முன்பக்கம் தீர்மானிக்கக்கூடும். எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணினி உறிஞ்சும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. விளையாடினாலும் சரி, பள்ளித் திட்டப்பணிக்குக் காணொளி தொகுத்தாலும் சரி, அதில் மாற்றமில்லை. நடுத்தரமான ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடும்போது புராசசர் 90 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 115 வாட், மதர்போர்டு முதலான மற்றவை 45 வாட். மொத்தம் 250 வாட். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஆக, ஒவ்வொரு விநாடியும் 250 ஜூல் வெப்பம் அந்தப் பெட்டிக்குள் பிறந்துகொண்டே இருக்கிறது.

அதை வெளியே சுமந்து செல்வது காற்று. படிவம் 4 இயற்பியலில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று ஒரு பாடம் வரும். தமிழில் தன் வெப்பக் கொள்ளளவு. அந்தப் பாடம் இங்கே நேராகப் பயன்படுகிறது. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 1.2 ஜூல் போதும். அதே காற்று 10 டிகிரி சூடேறி வெளியே போனால் 12 ஜூலைச் சுமந்து செல்லும். 250ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 21 லிட்டர் காற்று தேவை. நடுத்தர அளவுள்ள கேசிங்கின் கொள்ளளவு சுமார் 45 லிட்டர். அதாவது, பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் இரண்டு விநாடிக்கு ஒரு முறை மாறியாக வேண்டும்.

காற்றின் அளவு பாதியானால் என்ன ஆகும்? வெப்பம் குறையாது, அது 250 வாட்டாகவேதான் இருக்கும். எனவே, உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டரும் இரண்டு மடங்கு சுமக்க வேண்டியதாகிறது. 10 டிகிரி ஏறிய காற்று இப்போது 20 டிகிரி ஏறும்.

அவர்கள் ஊர் 86, நம் ஊர் 97

புராசசரின் வெப்பநிலையை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பாருங்கள். அடியில் இருப்பது அறையின் வெப்பநிலை. அதன்மேல், பெட்டிக்குள் காற்று எத்தனை டிகிரி சூடேறுகிறது என்பது. அதற்கும் மேலே, பெட்டிக் காற்றைவிடப் புராசசர் எத்தனை டிகிரி அதிகம் என்பது. கடைசி அடுக்கு புராசசரின் மேல் நாம் பொருத்தும் கூலரைப் பொறுத்தது. அது 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

கேசிங்குகளை ஆராய்ந்து இணையத்தில் காணொளி போடுபவர்களில் பலர் குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் அறை 21 டிகிரி. அங்கே காற்று சரியாகப் போகாத கண்ணாடிப் பெட்டியைச் சோதித்தால் 21, 20, 45, கூட்டினால் 86. பரவாயில்லை, ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதே பெட்டியைக் கிள்ளானில் குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். அறை 32 டிகிரி. இப்போது கணக்கு 97. காற்று நன்றாகப் போகும் வலைப் பெட்டியாக இருந்தால் 32, 10, 45 என 87. நம் ஊரில் வலைப் பெட்டி செய்வதும் அவர்கள் ஊரில் கண்ணாடிப் பெட்டி செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே நமக்குத் தள்ளுபடி கிடையாது.

97 டிகிரி ஆனால் புராசசர் எரிந்துபோகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அந்த எல்லை 95 டிகிரி. இன்டெலின் பல புராசசர்களுக்கு 100. கணினி நிற்காது, பிழைச் செய்தியும் வராது. விளையாட்டு லேசாகத் திக்கும், விசிறிகள் கத்தும், அவ்வளவுதான். விலை உயர்ந்த புராசசரை வாங்கி, அதற்கு ஒருபடி கீழே உள்ளதன் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். அது நமக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொரு பாதிப்பு மெதுவாக வரும். பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள் 10 டிகிரி கூடுதல் வெப்பத்தில் ஓடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு.

மூன்று விசிறி இருந்தும் ஏன் போதவில்லை?

கண்ணாடிப் பெட்டியில்தான் மூன்று விசிறிகள் சுழல்கின்றனவே என்று கேட்பீர்கள். சுழல்கின்றன, ஆனால் இழுப்பதற்குக் காற்று வேண்டுமே. முன்பக்கக் கண்ணாடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ஓரமாக ஒரு சந்து விட்டிருப்பார்கள். அது 2 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம் என்றால் பரப்பளவு 80 சதுர சென்டிமீட்டர். வலைப் பெட்டியின் முன்பக்கம் 20க்கு 40 சென்டிமீட்டர். அதில் பாதி ஓட்டை, பாதி கம்பி என்று வைத்துக்கொண்டாலும் 400 சதுர சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. ஐந்து மடங்கு.

விநாடிக்கு அதே 21 லிட்டர் காற்றைச் சந்து வழியாகக் கொண்டுவர வேண்டுமானால், அது விநாடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். வலை வழியாக என்றால் அரை மீட்டர் போதும். இதில் மறைந்திருக்கும் சிக்கல், காற்று இழக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதுதான். வேகம் ஐந்து மடங்கு என்றால் இழப்பு இருபத்தைந்து மடங்கு. கணினி விசிறியோ சாதுவான பிராணி. அது தரக்கூடிய அழுத்தம் 10 முதல் 20 பாஸ்கல்தான். சந்து தடுக்கத் தடுக்க விசிறி அதே வேகத்தில் சுழன்றுகொண்டே குறைவான காற்றைத் தள்ளும். கெட்டியான மைலோவை மெல்லிய உறிஞ்சுகுழாயில் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அருகில் இன்னொருவரை உட்காரவைத்து அதே குழாயில் உறிஞ்சச் சொல்வதால் மைலோ வேகமாக வந்துவிடாது.

ஆகவே, கடையில் விசிறிகளை எண்ணுவதற்கு முன் முன்பக்கத்தைப் பாருங்கள். வலையின் பின்னால் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் காற்றும் போகும். சில பெட்டிகளில் வெளியே அழகான ஓட்டைகள் இருக்கும். பின்னால் பிளாஸ்டிக் தகடு அடைத்திருக்கும். விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முன்பக்கம் திறந்திருந்தால், முன்னால் இரண்டு விசிறிகள் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, நாம் கணக்கிட்ட 250 வாட்டுக்கு அது தாராளம். விசிறி பெரியதாக இருந்தால் இன்னும் நல்லது. 140 மில்லிமீட்டர் விசிறியின் வட்டப் பரப்பு 120 மில்லிமீட்டர் விசிறியைவிட 36 விழுக்காடு அதிகம். அதே காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். மெதுவாகச் சுழல்வதன் பலன் காதுக்குத் தெரியும்: விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 2021இல் வந்த ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் டாரன்ட் என்ற கேசிங்கில் முன்னால் இரண்டே இரண்டு விசிறிகள். ஒவ்வொன்றும் 180 மில்லிமீட்டர். அது நம் பைக்கு எட்டாத விலை என்பது வேறு கதை.

'சூடான காற்று மேலே ஏறும், அதனால் மேல்பக்கத்தில் விசிறி கட்டாயம் வேண்டும்' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சூடான காற்று மேலே ஏறுவது உண்மை. எவ்வளவு பலத்தோடு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடான, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமுள்ள காற்றுத் தூண் தரும் அழுத்தம் 0.2 பாஸ்கலுக்கும் கீழே. ஒரு சாதாரண விசிறி தருவதில் அது நூறில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். விசிறி ஓடும் பெட்டியில் காற்று விசிறி சொல்கிற திசையில்தான் போகும். இன்னும் ஒன்று. மேல்பக்கத்தில் முன் ஓரமாக ஒரு வெளியேற்றும் விசிறியை மாட்டினால், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்றைப் புராசசரை எட்டும் முன்பே அது பறித்துக்கொண்டு போய்விடும். மேலே மாட்டியே தீருவேன் என்றால் பின் ஓரத்தில் மாட்டுங்கள்.

இந்தத் தலைவலியெல்லாம் எங்கிருந்து வந்தது? இன்றும் நாம் வாங்கும் பெரும்பாலான கேசிங்குகளின் உள்ளமைப்பு இன்டெல் 1995இல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் தரத்தைப் பின்பற்றுகிறது. அன்றைய பென்டியம் புராசசர் ஏறக்குறைய 15 வாட்தான் உறிஞ்சியது. 2004 வாக்கில் பென்டியம் 4 புராசசர் 100 வாட்டைத் தாண்டியபோது இன்டெலே பயந்துபோய், காற்று முன்னாலிருந்து நேராகப் புராசசர் மேல் பாயும்படி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கி, பிடிஎக்ஸ் என்ற புதிய தரத்தைக் கொண்டுவந்தது. அது பரவவில்லை. 2006இல் குறைந்த வெப்பம் வெளியிடும் கோர் 2 டுவோ வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வெப்பம் பிறகு மீண்டும் ஏறியது. அடுக்குமுறை மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. அதனால்தான் காற்றுக்கு வழிவிடும் பொறுப்பு பெட்டி செய்பவர் தலையிலும், அதைத் தேர்ந்தெடுக்கும் உங்கள் தலையிலும் விழுந்திருக்கிறது.

தூசியும் பல்லியும்

உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருந்தால், மிச்சக் காற்று பெட்டியின் சிறுசிறு இடுக்குகள் வழியாக வெளியே கசியும். அப்போது தூசி வடிகட்டி வழியாக மட்டுமே காற்று உள்ளே வர முடியும். மாறாக வெளியே தள்ளுவது அதிகமானால், ஒவ்வொரு இடுக்கும் தூசியை உறிஞ்சும் வாயாகிவிடும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வடிகட்டியைக் கழற்றாமல் கழுவ முடியாது. எனவே கருவி எதுவுமின்றி கையால் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கழற்றுவது சிரமம் என்றால் வீட்டில் யாரும் கழுவப் போவதில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் யாரும் சொல்லாத ஒன்று நம் வீடுகளில் உண்டு: பல்லி. இரவில் கணினிக்குள் இருக்கும் வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும். பின்பக்கத்தில் கார்டுகளைப் பொருத்துவதற்கான நீள ஓட்டைகள் இருக்கும். மலிவான கேசிங்குகளில் அவற்றை மூடியிருக்கும் தகடு ஒரு முறை உடைத்து எடுத்தால் மறுபடி மாட்ட முடியாதது. கார்டைக் கழற்றிய பிறகு அந்த ஓட்டை வாசலாகவே நிற்கும். திருகாணியால் மாட்டும் தகடு உள்ள பெட்டியாகப் பாருங்கள். பத்துப் பதினைந்து ரிங்கிட் அதிகமானாலும் தகும்.

கையில் தூக்கிப் பாருங்கள்

கேசிங்கின் உறுதி பெரும்பாலும் தகட்டின் தடிமனில் இருக்கிறது. விலை குறைந்த பெட்டிகளில் அது 0.5 மில்லிமீட்டர், நல்லவற்றில் 0.7, 0.8. வித்தியாசம் ஒரு தலைமயிர் அளவுதானே என்று தோன்றும். ஆனால், தகடு வளையாமல் எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 0.5லிருந்து 0.8க்குப் போனால் தடிமன் 1.6 மடங்கு, விறைப்போ நான்கு மடங்கு. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பிஸ்கட் டின் போல ஒலித்தால் விசிறி சுழலும்போதும் அது அதிர்ந்து ஒலிக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இரு கைகளாலும் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். முறுங்கினால் மதர்போர்டும் அதோடு சேர்ந்து முறுங்கும். உள்விளிம்புகள் மடித்துவிடப்பட்டிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். மடிக்காத விளிம்பு கத்திக்குச் சமம். கேபிள் இழுக்கும்போது விரலைக் கிழிக்கும்.

தரம் என்பது சில சமயம் ஒரே ஒரு திருகாணியில் வந்து நிற்கும். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2020இல் எச்1 என்ற ஒல்லியான, அழகான கேசிங்கை விற்பனைக்கு விட்டது. அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரத்தையும் தகவலையும் கொண்டுசெல்லும் சிறிய மின்சுற்றுப் பலகை இரண்டு உலோகத் திருகாணிகளால் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. திருகாணி பலகைக்குள் ஓடும் மின்தடத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. முதலில் பிளாஸ்டிக் திருகாணிகளைத் தருவதாக நிறுவனம் சொன்னது. அது போதாது என்று விமர்சகர்கள் செய்துகாட்டினார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 பெட்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கேசிங் வெறும் இரும்புப் பெட்டிதானே, அதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே காரணத்துக்காக, உங்கள் கணினியின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகாதீர்கள். மூன்றாவது முள்தான், பவர் சப்ளை வழியாகக் கேசிங்கின் இரும்புச் சட்டத்தை நிலத்தோடு இணைக்கிறது. உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அது உங்கள் கை வழியாகப் போகாமல் அந்த வழியாகப் போகும்.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசிங்கின் அட்டையில் எத்தனை மில்லிமீட்டர் நீளமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள கூலர் பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கப்போகும் பாகங்களின் அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முன்பக்க விசிறிகள் 25 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நல்ல கேசிங்கை வாங்கி, மேசைக்கடியில் கதவுள்ள அலமாரிக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது கணினிக்கு 'அறை' என்பது அந்த அலமாரிதான். பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து முன்னால் நுழையும். நம் கணக்கில் 32 என்று எழுதிய அடித்தளம் 40ஐத் தொடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசை மேலேயே வையுங்கள். பவர் சப்ளை அடிப்பக்கத்தில் காற்று இழுக்கும் வகை என்றால் கம்பளத்தின் மேல் வைக்கக்கூடாது.

குளிர்சாதன அறையில் ஓடிய கணினியை நண்பர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறீர்களா? போன உடனே சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த மூக்குக்கண்ணாடி வெளியே வந்ததும் மங்குவதைப் போல, குளிர்ந்த உலோகத்தின் மேல் நம் ஊரின் ஈரக்காற்று நீராகப் படியும். ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு இந்தப் பயமில்லை. அது எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டி வாங்கிவிட்டவர்கள் வருத்தப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஒரே விளையாட்டை 20 நிமிடம் ஓட்டி, வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்து, முன்பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அதே 20 நிமிடம். வேறுபாடு இரண்டு மூன்று டிகிரி என்றால் உங்கள் பெட்டி நல்ல பெட்டிதான். எட்டு, பத்து என்று வந்தால் அந்தத் தகடுதான் கழுத்தை நெரிக்கிறது. விளையாடும் நேரத்தில் மட்டுமாவது அதைக் கழற்றி வைக்கலாம், செலவு ஒன்றுமில்லை.

புதிதாகக் கட்டியவர்களுக்கு அதைவிட எளிய சோதனை ஒன்று பூஜை அறையிலேயே இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஓடும் கணினியின் முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். வீட்டு விசிறியை அணைத்துவிடுங்கள். புகை நூலாக நீண்டு வலைக்குள் நுழைய வேண்டும். பின்பக்கத்தில் பிடித்தால் சிதறி உங்கள் பக்கம் வர வேண்டும். முன்பக்கத்திலேயே புகை உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். கணினியை அணைத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி, மறுபக்கமாக மாட்டுங்கள்.